நாலாம் படிக்கு ஸ்தோத்திரம்

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது ஒன்று, திங்கட்கிழமை எழுதுவது வேறொன்று என்று பதினோரு வருஷம் காலம் தள்ளியவன் நான். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்ற வைத்தவள் நாகர்கோவிலில் இருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. அவளை நான் முதலில் நன்றாகத் திட்டி அனுப்பினேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் என்னை நல்லவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் செல்வதாஸ். தக்கலைக்கு மேற்கே ஒரு அண்டி ஆபீசில் டைம்கீப்பர். எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர், அதை உடைத்துப் பருப்பு எடுக்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பெயர். முந்நூறு பெண்கள் காலை எட்டு மணிக்கு "ஆபீசுக்குப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, தரையில் குந்தியிருந்து கொட்டை உடைப்பார்கள். மேஜை நாற்காலி போட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது நாங்கள் நாலே நாலு பேர். விபத்துப் பதிவேடு என் மேஜையில்தான் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேதி போட்டு, "கடந்த வாரம் விபத்து: இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் சபையின் செயலாளர். எங்கள் சபையில், நன்றி சொல்லிப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைக்கென்று வெள்ளைக் கவர் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால், சவூதிக்கு விசா வந்தால், பைக்கில் பஸ் இடிக்காமல் தப்பினால், அந்தக் காரணத்தைக் கவரின் மேல் எழுதிப் போடுவார்கள். உள்ளே இருப்பது பொருளாளரின் பாடு. மேலே இருப்பது என் பாடு. பிரசங்கம் முடிந்ததும் மைக் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். பெரும்பாலும் பெயர் இருக்காது. "ஒரு சகோதரி, வேலை செய்யும் இடத்தில் தட்டோடு விழப்போனபோது தேவன் தாங்கிக்கொண்டதற்காக ஸ்தோத்திரம்" என்று வாசிப்பேன். சபை "ஆமென்" என்று சொல்லும். மறுநாள் ஆபீசுக்குப் போய் "இல்லை" என்று எழுதுவேன். விழவில்லையே, பிறகு என்ன விபத்து? அப்படித்தான் என் மண்டைக்குள் கணக்கு ஓடியது.

இதற்கு நடுவில் ஆபீசுக்கு ஒரு பாதுகாப்பு மேனேஜர் வந்தார். பெயர் ஸ்மைலின். எங்கள் சபைக்காரர்தான். பதினெட்டு வருஷம் சவூதியில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த முதல் வாரமே எல்லாப் பெண்களையும் முற்றத்தில் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். கடலுக்கு நடுவில் இருக்கிற எண்ணெய்க் கிணற்றில் ஹெலிகாப்டர் இறங்கும்போது தலையைக் குனிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். பருப்புத் தட்டு சுமக்கிற அன்னக்கிளி கையைத் தூக்கி, "ஹெலிகாப்டர் எப்பம் வரும் சார்?" என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்தார். "விபத்தில்லா நாட்கள்" என்று பச்சை எழுத்து, கீழே மூன்று கொக்கி, கொக்கியில் தகர எண்கள். தினமும் காலையில் எண்ணை மாற்றுகிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. ஐந்நூறு நாள் ஒரு விபத்தும் இல்லாமல் போனால் ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் குக்கர் என்று முதலாளி கிருஷ்ணமணி அறிவித்தார். அன்றையிலிருந்து எங்கள் ஆபீசில் விபத்து அடியோடு நின்றுபோனது. கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை பொள்ளிக் கொப்பளித்தால் முந்தானைக்குள் ஒளித்தார்கள். கத்தி கீறினால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒருத்தி விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தால் பக்கத்தில் இருக்கிற நாலு பேரும் "ஏட்டி, வீட்டுல கறி வெட்டினதுன்னு சொல்லு, கேட்டியா?" என்று மிரட்டினார்கள். குக்கர் என்ன சும்மாவா?

முந்நூறு நாள் தாண்டியபோது, பருப்பு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் ஆராய்ச்சியின்படி இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சரக்கு எடுக்கமாட்டார்களாம். முதலாளி கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஆராய்ச்சிதானே, ஒரு ஆள கூட்டிட்டு வாங்கடே" என்றார். அப்படி வந்தவள்தான் ஜின்சி. நாகர்கோவிலில் ஒரு காலேஜில் வேலைத்தலப் பாதுகாப்பைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். இருபத்தேழு வயது இருக்கும். பையில் எப்போதும் அளக்கிற இஞ்சி டேப் ஒன்று வைத்திருப்பாள்.

"பெரிய விபத்து சும்மா ஒரு நாள் வந்து நிக்காது அங்கிள்," என்று என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து விளக்கினாள். "அதுக்கு முன்னால அதே இடத்துல பத்து இருபது தடவ ஆளுவ தப்பியிருப்பாவ. அந்தத் தப்பினத எண்ணினா, பெரிசு எங்க வரும்னு முன்கூட்டியே சொல்லலாம். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்யுறாவ."

"நல்லதாக்கும்," என்றேன். "எண்ணிட்டுப் போ."

எண்ணுவதற்கு ஒரு படிவம் கொண்டுவந்தாள். பதினாலு பக்கம். "நீங்கள் விழாமல் தப்பிய தருணத்தில் உங்கள் மனநிலையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக" என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி. அன்னக்கிளி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"விழுந்தாத்தானே மக்கா சொல்லணும்? விழாததுக்கு எதுக்கு பேப்பரு?"

"விழாததுதான் அக்கா எனக்கு வேணும்."

"அப்ப எழுதிக்கோ. நான் இன்னைக்கு முழுக்க விழல்ல."

மூன்று மாதத்தில் முந்நூறு படிவம் கொடுத்தாள், எழுதித் திரும்பி வந்தது ஒன்றுகூட இல்லை. பாதிப் படிவம் மத்தியானச் சாப்பாட்டில் மீன்முள் வைக்க உதவியது. ஜின்சியின் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? என் பதிவேட்டைக் கேட்டாள், காட்டினேன். பலகை வைத்த பிறகு அறுபது வாரம், அறுபது "இல்லை".

அவளுடைய அத்தை வீடு எங்கள் ஊரில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு எங்கள் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல் கவர் வாசித்தேன். "ஒரு சகோதரி, போர்மா ஏறும்போது நாலாம் படியில் கால் தட்டியும் தட்டு கவிழாமல் காத்ததற்காக ஸ்தோத்திரம். இன்னொரு சகோதரி, நாலாம் படியில் முட்டு இடித்தும் எலும்புக்குச் சேதம் வராமல் காத்ததற்காக ஸ்தோத்திரம்." போர்மா என்பது பருப்பை உலர்த்துகிற சூட்டறை. ஏழு படி ஏறிப் போக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் கடைசி வரிசையில் ஜின்சி எழுந்து நிற்கிறாள். ஜெபத்துக்கு எழுந்து நிற்கிறாள் என்று நினைத்துச் சபையில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும், கோயிலை ஒட்டி இருக்கிற வெஸ்ட்ரி அறைக்கு ஓடி வந்தாள்.

"அங்கிள், இந்தக் கவரெல்லாம் பின்னால என்ன செய்வீங்க?"

"சாக்குல கட்டி அலமாரிக்கு மேல போடுவோம். என்னத்துக்கு?"

"எத்தன வருசத்துக்கு உள்ளது இருக்கு?"

"மூணு வருசம் இருக்கும். நீ என்னத்துக்குக் கேக்குற?"

"அங்கிள், கம்பெனி ரிஜிஸ்டர்ல 'இல்லை'ன்னு எழுதுறது யாரு?"

"நானாக்கும்."

"இத வாசிக்கிறது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டும் ஒரே ஆளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏட்டி, அது ஆபீசு, இது கோயிலு. அங்க உள்ளத அங்க எழுதணும், இங்க உள்ளத இங்க வாசிக்கணும். நீ படிச்ச புள்ளன்னா எனக்கு வந்து பாடம் எடுப்பியோ? கர்த்தருக்குச் சொன்ன நன்றிய எடுத்து ஆராய்ச்சி செய்ய வந்துட்டா! போ, போய் அத்த வீட்டுல சோறு தின்னு!" என்று கத்தினேன். போதகர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அன்று மத்தியானம் ராகேல் நெத்திலி அவியல் வைத்திருந்தாள். ராகேல் என் மனைவி. அவளும் அதே ஆபீசில்தான், போர்மாவுக்குத் தட்டு சுமக்கிற வேலை. நான் பாதியில் கை கழுவினேன். "ரெண்டும் ஒரே ஆளா" என்று அந்தப் பெண் கேட்டதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தச் சாக்கை நானே தூக்கிக்கொண்டுபோய் அத்தை வீட்டில் இறக்கிவைத்தேன். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. சாக்கு கனமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஜின்சி ஒரு பெரிய தாளோடு வந்தாள். மூன்று வருஷத்தில் ஆபீஸ் பெண்கள் போட்ட கவர் நூற்றுப்பன்னிரண்டு. அதில் நாற்பத்துமூன்று ஒரே இடத்தைச் சொன்னது. போர்மாவின் நாலாம் படி.

"அதிலயும் ஒரு குறை இருக்கு அங்கிள்," என்றாள். "கிறிஸ்தவப் பெண்கள் தப்பினது மட்டும்தான் இதுல வருது. மத்தவங்க தப்பினது எங்க பதிவாகும்?"

பக்கத்தில் நின்ற அன்னக்கிளி சொன்னாள், "நாங்க மனசுக்குள்ள சாமிகிட்ட சொல்லிக்கிடுவோம் மக்கா. அதுக்கு நீ சாக்கு கொண்டு வர முடியாது."

ஜின்சி படியருகில் போய் இஞ்சி டேப்பை எடுத்து அளந்தாள். ஆறு படிகள் ஆறரை இஞ்சி உயரம். நாலாவது மட்டும் ஒன்பது இஞ்சி. ஏறுகிறவளின் கால் மூன்று படியில் ஒரு உயரத்தைப் பழகிக்கொள்ளும், நாலாவதிலும் அதே உயரத்துக்குத்தான் தூக்கும், தட்டிவிடும் என்றாள். கையில் தட்டு இருப்பதால் கீழே பார்க்கவும் முடியாது. இருபத்தைந்து வருஷமாக அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பெண்கள் எல்லோரும் தங்கள் காலில்தான் ஏதோ குறை என்று நினைத்திருக்கிறார்கள்.

படி ஏன் அப்படி ஆனது என்பது முதலாளிக்குத் தெரிந்திருந்தது. போர்மா கட்டும்போது முதலில் எட்டுப் படி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் படியை லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எட்டு நஷ்டத்தில் முடிந்ததால், முதலாளியின் அப்பா ஒரு படியை உடைக்கச் சொன்னார். கொத்தனார் ஒன்றை உடைத்து, மற்றதிலெல்லாம் அரை அரை இஞ்சி ஏற்றிப் பார்த்திருக்கிறான். அப்படியும் மிஞ்சிய உயரம் முழுவதையும் நாலாவதில் தள்ளிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டான்.

முதலாளியின் அறையில் கூட்டம் நடந்தது. முதலாளி, ஸ்மைலின், ஜின்சி, நான்.

"படியக் கூட்டச் சொல்லாத பிள்ளே," என்று முதலாளி எடுத்த எடுப்பில் சொன்னார். "எட்டு ஆச்சுன்னா நஷ்டம்."

"கூட்ட வேண்டாம் சார். முதல் மூணு படியிலயும் கொஞ்சம் கொஞ்சமா கான்கிரீட் ஏத்தினா, நாலாவது தன்னால சரியாயிரும். ஏழு ஏழாவே இருக்கும்."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அப்ப லாபம் அங்கேயே நிக்குமா?"

"நிக்கும் சார்."

"பின்ன என்ன, செய்யுங்கடே."

காரியம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஸ்மைலின் தொண்டையைக் கனைத்தார். "மொதலாளி, ஒரு நிமிசம். இப்பம் சரி செய்தா, இத்தன நாளும் சரியில்லாம இருந்ததுன்னு ஆயிரும். பருப்பு வாங்குற கம்பெனியில இருந்து ஆடிட்டுக்கு வாறவன் கேப்பான். பின்ன, கட்டட வேலைக்குக் காரணம் காட்டணும். நம்ம ரிஜிஸ்டர்ல அந்தப் படியில ஒரு சம்பவமும் இல்ல. சம்பவமே இல்லாத எடத்துல வேலை செய்ய ஃபார்ம்ல எடமே இல்ல."

"நாப்பத்திமூணு கவர் இருக்கே சார்," என்றாள் ஜின்சி.

"அது கம்பெனி ஃபார்மட்ல இல்லியே," என்றார் ஸ்மைலின். "அது மட்டுமா? கம்பெனிக்க உள் விசயம் வெளிய போயிருக்கு. சபை முழுக்க மைக்கு வச்சு வாசிச்சிருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அந்த வாரமே சுற்றறிக்கை ஒட்டினார்கள். "ஆபீஸ் வளாகத்தில் நடந்த அல்லது நடக்கவிருந்த எந்தச் சம்பவத்தையும் நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி வெளி ஆட்களுக்குத் தெரிவிக்கக் கூடாது." அன்னக்கிளி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "சாமி வெளியாளா, உள்ளாளா?" என்று கேட்டாள்.  ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஸ்மைலின் என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "அண்ணே, ஸ்தோத்திரம் பொதுவா இருந்தாப் போதும். படி, தட்டு, போர்மா இதெல்லாம் எதுக்கு? கர்த்தருக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது. கவர்களில் "நாலாம் படி" என்று இருந்த இடத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, "ஒரு சகோதரி, பொதுவான நன்மைகளுக்காக" என்று வாசித்தேன். சபை ஆமென் சொன்னது. ஜின்சி கடைசி வரிசையில் இருந்து எழுந்து வெளியே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே ஏழு வாரம் அப்படி வாசித்தேன்.

அந்த ஏழு வாரத்தில் ஜின்சியின் கட்டுரை நார்வேயில் இருந்து வருகிற ஏதோ ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. படியின் படம், உயரம் போட்ட வரைபடம், கவர்களின் கணக்கு, கடைசியில் ஆபீஸ் பெயர் இல்லாமல் எனக்கு ஒரு நன்றி. படியைச் சரிசெய்ய வேண்டும் என்பது நார்வேக்காரனுக்குத் தெரிந்துவிட்டது, தக்கலைக் கொத்தனாருக்கு மட்டும் தெரியவில்லை. ஜின்சி அதை என்னிடம் காட்டியபோது சந்தோஷப்படவில்லை. "படி அப்படியே இருக்கே அங்கிள்," என்றாள். முதலாளியை இரண்டு தரம் பார்த்தாள், ஸ்மைலினுக்கு நாலு கடிதம் எழுதினாள். ஐந்நூறு நாள் முடியட்டும், ஆடிட் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

நானூற்றுத் தொண்ணூற்றாறாவது நாள் புதன்கிழமை. பத்தரை மணிக்குப் போர்மா பக்கத்தில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. தகரத் தட்டு படியில் உருண்டு இறங்குகிற சத்தம். பிறகு பெண்களின் கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் பருப்பு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, அதன் நடுவில் ராகேல் கிடக்கிறாள். வலது கை, இருக்கக் கூடாத பக்கமாகத் திரும்பி இருந்தது.

"ஐயோ ராகேலு!" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "பருப்ப மிதிக்காதிய," என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும், கை பழையபடி முழுக்கத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். மத்தியானம் ஸ்மைலின் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். ராகேலிடம் இரண்டு நிமிஷம் ஜெபம் பண்ணினார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"அண்ணே, செலவு பூரா கம்பெனி பாத்துக்கிடும். நீங்க ஒண்ணும் பேடிக்க வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. வீட்டு முற்றத்துல வழுக்கினதுன்னு இருந்தா நல்லது. இன்னும் நாலு நாளாக்கும். முந்நூறு குக்கர் வராந்தாவுல அடுக்கியாச்சு அண்ணே."

நான் உள்ளே வந்தேன். ராகேலுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"அவரு சொன்னபடி எழுதிப்போடுங்க," என்றாள். "எனக்கக் கை ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். பாவம், பெண்ணுவளுக்கு குக்கராவது கிட்டட்டும்."

"ஏட்டி, நீ சும்மா கிட. உனக்கு இதுக்கு முன்னால அந்தப் படியில தட்டியிருக்கா?"

"ஓ. தட்டாம இருக்குமா?"

"எத்தற தடவ?"

"ஏழோ எட்டோ இருக்கும்."

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "எட்டுத் தடவையா? ஒரே வீட்டுல ஒண்ணா இருக்கோம், ஒரே ஆபீசுல வேலை செய்யுறோம். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

ராகேல் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னேனே. ஒவ்வொரு தடவையும் கவர் போட்டேன். நீங்கதானே மைக்குல வாசிச்சிய."

 எழுத வராத பெண்களுக்கெல்லாம் கவர் எழுதிக்கொடுக்கிறவள் ராகேல்தான். அதனால் ஆபீஸ் பெண்களின் கவர் பெரும்பாலும் அவள் எழுத்தாகவே இருக்கும். "ஒரு சகோதரி" என்று நான் வாசித்ததில் எது அவள், எது மற்றவள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கடைசியாக எப்போது தட்டியது என்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால் என்றாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் எழுதியதைத்தான் பென்சிலால் அடித்துவிட்டுப் பொதுவான நன்மைகள் என்று வாசித்திருக்கிறேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, "ஒரு கவர் எடுங்க," என்றாள். அவளால் எழுத முடியாது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்நூறாவது நாள். மைக் முன்னால் என் கையில் இருந்த கவர்களில் மேலே இருந்தது ஆபீசின் கவர். கம்ப்யூட்டரில் அச்சடித்திருந்தது. ஸ்மைலின் மூன்றாவது வரிசையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசித்தேன்: "ஐந்நூறு நாட்கள் ஒரு விபத்துமில்லாமல் எங்கள் நிறுவனத்தைக் காத்து நடத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம்." சபை ஆமென் சொன்னது. அடுத்த கவரை எடுத்தேன்.  "ராகேல் செல்வதாஸ்," என்று பெயரைச் சொல்லித் தொடங்கினேன். "கடந்த புதன்கிழமை ஆபீசில், போர்மாவின் நாலாம் படியில் விழுந்து வலது கை ஒடிந்தாலும் தலைக்குச் சேதம் வராமல் காத்ததற்காக ஸ்தோத்திரம்."

ஆமென் வரவில்லை. யாரோ இருமினார்கள். ஸ்மைலின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். போதகர் அவசர அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு ஆபீசுக்குப் போனேன். வராந்தாவில் குக்கர் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தது. ஆடிட்டுக்கு வந்த சென்னைக்காரப் பையன், பெயர் அபிலாஷ், முதலாளியோடு சாயா குடித்துக்கொண்டிருந்தான். பலகையில் அன்று நான் மாட்ட வேண்டிய எண் ஐந்நூற்றொன்று. மூன்று தகரத்தையும் கழற்றினேன். விழுந்தது புதன், இன்று திங்கள், ஆக ஐந்து நாள். ஒற்றை ஐந்தை எடுத்து மாட்டினேன். பிறகு மேஜைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து, "ராகேல், தட்டு சுமப்பவர், போர்மா நாலாம் படி, வலது மணிக்கட்டு முறிவு" என்று எழுதினேன். எழுத்து அழகாக வரவில்லை.

எட்டு மணிக்குப் பெண்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்து நின்றார்கள்.  எனக்கு அடி விழும் என்றுதான் நினைத்தேன். அன்னக்கிளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"குக்கர் போச்சா அண்ணே?"

"போச்சு."

"திரும்பி வராதே?"

"வராது."

"பின்ன எனக்கயும் எழுதும்," என்று சேலையை லேசாகத் தூக்கி முன்னங்காலில் இருந்த தழும்பைக் காட்டினாள். "ஆவணி மாசம். அதே படிதான். பின்ன ஒரு தடவ மாசியில."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் நாலு பேர். ஒன்பது மணிக்கு வரிசை கேட்டைத் தாண்டியது. எண்ணெய் பொள்ளிய கை, கத்தி கீறிய விரல், இடித்த முட்டு, விழப்போனது, விழுந்து எழுந்தது. இழக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. என் பதிவேட்டில் பக்கம் தீர்ந்துபோய், ஜின்சியின் பழைய படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஸ்மைலின் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்து, "அண்ணே, என்ன காரியம் செய்திய!" என்று பல்லைக் கடித்தார். முதலாளி அபிலாஷின் முகத்தைப் பார்த்தபடி தூணுக்குப் பக்கத்தில் நின்றார். அபிலாஷ் வரிசையைப் பார்த்தான், பதிவேட்டைப் புரட்டினான், வரிசையைப் போட்டோ எடுத்தான். "சார், ஒரு வருஷம் முழுக்க 'இல்லை'ன்னு பார்த்ததும் பொய்யின்னு நினைச்சேன். இப்பத்தான் நம்பிக்கை வருது. இவ்வளவு பேர் பயமில்லாம வந்து சொல்றாங்களே! இதை யார் ஏற்பாடு பண்ணினது?" என்று கேட்டான்.

ஸ்மைலின் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "நம்ம சிஸ்டமாக்கும்," என்றார்.

முதலாளிக்கு உயிர் வந்தது. "ஏலே, கொத்தனார விளிடே!" என்று கத்தினார். கொத்தனார் பத்தே காலுக்கு வந்தான். நான் டைம்கீப்பர் ஆகையால் நேரத்தைக் குறித்துவைத்தேன். இரண்டு சட்டி சிமெண்ட் கலந்தான். ஜின்சி போனில் சொன்ன அளவுக்கு முதல் மூன்று படியிலும் ஏற்றினான். மட்டம் வைத்துப் பார்த்தான். பதினோரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டுப் போனான். முதலாளி கீழே நின்று லாபம், நஷ்டம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ஏழு ஏழாகவே இருப்பதை உறுதி செய்துகொண்டார்.

குக்கர் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது. எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஜின்சி அடுத்த கட்டுரைக்கு என்னைப் பேட்டி காண வேண்டும் என்கிறாள்.

படி சரியான அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராகேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணையில் இருந்தது.

"படி செய்தாச்சா?"

"செய்தாச்சு."

"எத்தற நேரம் ஆச்சு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இரண்டு நாள் வேலை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "முக்கால் மணிக்கூர்," என்றேன்.

ராகேல் கையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். அது பாதிக்கு மேல் திரும்பவில்லை. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பையைத் துழாவி ஒரு வெள்ளைக் கவரை எடுத்தேன்.

"படி சரியானதுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்ணு எழுதட்டா? நீ சொல்லு."

"வேண்டாம்," என்றாள். "அதுக்கு எதுக்குக் கர்த்தர விளிக்கணும்? அது கொத்தனாருக்க வேலையில்லியா."